தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்: பார்வையாளர் கருத்துகள்

டேவிட் லீன் இயக்கத்தில் 1957இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட போர்க்காலப் பெரும்படம். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. ஜப்பானியரிடம் போர்க்கைதியான பிரித்தானியக் கர்னல் நிக்கல்சன், தன் படையின் கட்டொழுங்கையும் மானத்தையும் காப்பதாக எண்ணிக்கொண்டு, எதிரியின் ரயிலுக்கே உறுதியான பாலம் ஒன்றைக் கட்டிக்கொடுக்கிறார். அதைத் தகர்க்க நேச நாட்டுப் படையினர் காடு வழியே வருகிறார்கள். சிறந்த படம், இயக்கம், நடிப்பு உள்ளிட்ட 7 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். இத்தனை பேர் பார்த்த படத்தைப் பற்றி எழுந்த கண்டனங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: திரையில் தம்மைக் கண்டவர்களே முதலில் குறை சொன்னார்கள். அந்தக் குறைகளில் நியாயம் உண்டு. ஆனால் படத்தின் மிகப் பெரிய குறை அவற்றில் இல்லை.

முதலில் கொதித்தவர்கள் உண்மையான சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை செய்து உயிர்தப்பிய முன்னாள் கைதிகள். தாய்லாந்தின் தமர்கான் முகாமில் கைதிகளுக்குத் தலைமை ஏற்றிருந்த லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி நிக்கல்சனுக்கு நேர்மாறானவர். வேலையை இழுத்தடித்தார், அவருடைய ஆட்கள் கான்கிரீட்டை மோசமாகக் கலந்தார்கள், கறையான்களைப் பிடித்துவந்து மரத்தூண்களில் விட்டார்கள். எதிரியோடு ஒத்துழைத்த அதிகாரி என்ற படிமம் அவர்மீது படிந்ததை அவருடைய வீரர்களால் பொறுக்க முடியவில்லை. திரைக்கைதிகளின் உடற்கட்டும் அவர்களை உறுத்தியது. சீட்டியடித்தபடி அணிவகுத்து வரும் அந்தக் கூட்டத்தில், கோவணத்தோடும் சீதபேதியோடும் காலராவோடும் கிடந்த தங்களை அவர்கள் அடையாளம் காணவில்லை. ஜப்பானியத் தரப்பின் மனக்குறை வேறு. பாலம் கட்டத் தெரியாமல் விழிக்கும் பொறியாளர்களைப் படம் காட்டுகிறது; உண்மையில் பாதையை அளந்ததும் வடிவமைத்ததும் ஜப்பானிய ரயில்வே பொறியாளர்களே. படத்தின் கொடுங்கோல் கர்னல் சைட்டோவின் பெயரைக் கொண்ட ஒருவர் தமர்கானில் இருந்தார். அவர் கர்னல் அல்லர், சார்ஜன்ட் மேஜர். போருக்குப் பின் விசாரணை வந்தபோது அவருக்காகப் பரிந்து பேசியவர் டூசிதான். இதை விட்டுவிட்டது கதாசிரியர்களுக்கே நட்டம் என்று தோன்றுகிறது.

இவற்றுக்கெல்லாம் படத்தை விரும்புவோர் தரும் பதில் ஒன்று: இது புனைவு, ஆவணம் அன்று. நிக்கல்சனை வார்க்கும்போது தன் மனத்தில் இருந்தவர்கள் இந்தோசீனாவின் பிரெஞ்சு அதிகாரிகள் என்று பூலே சொல்லியிருக்கிறார். கடமை வெறியாக முற்றும்போது மனிதன் எதிரிக்கே கையாளாகிவிடுவான் என்பதுதான் படத்தின் உட்பொருள். அதற்கு டூசியின் வாழ்க்கையோடு பொருந்தவேண்டிய கட்டாயம் இல்லை. நிக்கல்சனாக வரும் அலெக் கின்னஸின் நடிப்பைப் பார்த்தால் இந்த வாதம் வலுவாகவே நிற்கிறது. நாவலில் தகராத பாலம் படத்தில் தகர்வதும், நிக்கல்சன் வெடிப்பெட்டியின் பிடியைத் தெரிந்தே அழுத்தினாரா, தவறி அதன்மேல் விழுந்தாரா என்று பார்வையாளர்கள் இன்றும் வாதாடுவதும் புனைவுக்கு உரிய சுதந்திரங்கள். ஆனால் புனைவு புனைவாகவே இருக்கவில்லை என்பதுதான் சிக்கல். பூல் குறிப்பிட்ட க்வாய் ஆற்றின்மேல் உண்மையான தமர்கான் பாலம் இல்லை. அது நின்றது மே க்லோங் ஆற்றின்மேல். படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் க்வாய் பாலத்தைத் தேடவே, தாய்லாந்து அரசு 1960இல் அந்த ஆற்றுப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயர் மாற்றியது. ஆற்றின் பெயரையே மாற்றிய ஒரு படத்தை வெறுங்கதை என்று சொல்லித் தப்பவிட முடியாது.

அப்படியானால் அதன் பெருங்குறை எது? சயாம்–பர்மா பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த வேலையில் 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் ஈடுபட்டு, 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடப்படுகிறது. பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் ஆகியோருடன், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் இருந்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் தமிழர்களே மிகப் பலர். கைதிகளோடு ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். இவர்களுக்கு அந்த ஆதரவும் அநேகமாக இல்லை. படத்தில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. நாவலாசிரியர் பூல் 1930களில் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதையும், படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கல அருகே களனி ஆற்றங்கரையில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வெற்றிடம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. தமர்கான் பாலத்தைக் கட்டியவர்கள் பெரும்பாலும் போர்க்கைதிகளே. ஒரு முகாமின் கதையைச் சொல்லும் படம் முழுப்பாதையையும் ஏன் காட்டவேண்டும்? இது சரியான கேள்விதான். கதையின் களத்தை மட்டும் பார்த்தால் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் படம் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. தப்பியோடும் அமெரிக்கனுக்காகவும், பாலத்தைத் தகர்க்க வரும் படைக்காகவும் கேமரா முகாமை விட்டு வெகுதூரம் போகிறது. வழியில் சுமை தூக்கும் சயாமியப் பெண்களைக் காட்டவும் அதற்கு நேரம் இருக்கிறது. அந்த அமெரிக்கப் பாத்திரமே, நாவலில் பிரித்தானியராக இருந்தவரை நடிகர் வில்லியம் ஹோல்டனுக்காக மாற்றியது. ஹாலிவுட் சந்தைக்காக ஒரு நாட்டவரைப் புதிதாகச் சேர்க்க முடிந்த கதையில், பாதையில் மிக அதிகமாக உழைத்து இறந்தவர்களுக்கு இடமில்லாமல் போனது இடநெருக்கடியால் அன்று.

ஆகவே, வறட்டுக் கடமையுணர்வைப் பற்றிய நாடகமாக இதைப் பார்ப்பவருக்கு இது முதல்தரப் படம். ரயில் பாதையின் வரலாறாக எடுத்துக்கொள்பவருக்குத் தவறான வழிகாட்டி. அந்த வரலாற்றைத் தோட்டத் தமிழர் பக்கத்திலிருந்து அறிய விரும்புவோர், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்துவிட்டு இந்தப் படத்துக்கு வருவது நல்லது.