ஜார்ஜ் எங்கல்: உடலையும் மனத்தையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்

ஜார்ஜ் லிப்மன் எங்கல் (1913–1999) அமெரிக்க மருத்துவர். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவம், பொது மருத்துவம் ஆகிய இரு துறைகளிலும் பேராசிரியராக இருந்தவர். நோயை உடலில் ஏற்பட்ட பழுதாக மட்டும் காணாமல், நோயாளியின் மனநிலை, குடும்பம், சமூகச் சூழல் ஆகியவற்றோடு சேர்த்துக் காண வேண்டும் என்று வாதிட்டார். இக்கருத்து ‘உயிர்–உள–சமூக மாதிரி’ எனப்படுகிறது.

பயிற்சிக் காலம்

நியூயார்க்கில் பிறந்த எங்கல், 1938இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். உடல் நோய்க்கு மனத்தில் காரணம் தேடுவதைத் தொடக்கத்தில் அவர் ஐயத்தோடுதான் பார்த்தார். பாஸ்டனில் மனநல மருத்துவர் ஜான் ரொமானோவுடன் பணியாற்றியபோது அவர் பார்வை மாறியது. கடும் நோயில் அறிவு தடுமாறிப் பிதற்றும் ஜன்னி நிலையை இருவரும் ஆராய்ந்தனர். நோயாளியின் தெளிவு குறையும்போது மூளை மின்னலைகளும் மெதுவாவதை அவர்கள் காட்டினர். உடல் மனத்தைப் பாதிப்பதற்கு இது சான்று. மனம் உடலைப் பாதிக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. 1946இல் இருவரும் ரோசெஸ்டருக்குச் சென்றனர்.

மோனிகா ஆய்வு

ஆய்வேடுகளில் ‘மோனிகா’ எனக் குறிக்கப்படும் குழந்தைக்குப் பிறவியிலேயே உணவுக்குழாய் அடைபட்டிருந்தது. வயிற்றில் இட்ட துளை வழியாக உணவு ஊட்டப்பட்டது. அதன் வழியே இரைப்பைச் சுரப்பை நேரடியாக அளக்கவும் முடிந்தது. பழகிய மருத்துவர் அருகில் வந்து விளையாடினால் சுரப்பு கூடியது. அந்நியர் வந்தால் குழந்தை துவண்டு ஒதுங்கியது; சுரப்பும் வெகுவாகக் குறைந்தது. எங்கலும் ஃபிரான்ஸ் ரைக்ஸ்மனும் 1950களில் இதை விரிவாகப் பதிவு செய்தனர்.

துயரமும் மரணமும்

“செய்தி கேட்ட அதிர்ச்சியில் உயிர் போய்விட்டது” என்று மக்கள் சொல்வது வெறும் பேச்சா, பட்டறிவா? இதே கேள்வியோடு 1971இல் எங்கல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாளிதழ்ச் செய்திகளிலிருந்து திரட்டிய 170 திடீர் மரணங்களை அதில் வகைப்படுத்தினார். உறவினரின் இறப்பு, ஆபத்து, அவமானம் ஆகியவற்றோடு பெருமகிழ்ச்சியும் பட்டியலில் இருந்தது. நாளிதழ்ச் செய்தி மருத்துவச் சான்று ஆகாது. ஆயினும் ஆராய வேண்டிய கேள்வியை அது முன்வைத்தது.

இக்கேள்வி அவர் வாழ்விலும் நேர்ந்தது. அவருடைய இரட்டைச் சகோதரர் ஃபிராங்க்கும் மருத்துவரே. 1963இல் ஃபிராங்க் மாரடைப்பால் இறந்தார். ஓராண்டு முடிவதற்குள் எங்கலுக்கும் மாரடைப்பு வந்தது. ஒரே மரபணுக்களைக் கொண்ட இருவருக்கும் ஒரே நோய் வந்ததில் மரபின் பங்கு எவ்வளவு, துயரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தம் கனவுகளையும் உணர்வுகளையும் பல ஆண்டுகள் குறித்து வைத்து, 1975இல் அவர் அதைக் கட்டுரையாக எழுதினார்.

1977ஆம் ஆண்டுக் கட்டுரை

‘சயின்ஸ்’ இதழில் 1977இல் வெளியான கட்டுரையே அவரை உலகறியச் செய்தது. நீரிழிவை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். இரத்தப் பரிசோதனை நோயைக் கண்டறியும். ஆனால் ஒருவர் தம்மை நோயாளியாக எப்போது உணர்கிறார், எப்போது மருத்துவரிடம் செல்கிறார், சிகிச்சையை விடாமல் தொடர்கிறாரா என்பவற்றை அவருடைய மனமும் சூழலும் தீர்மானிக்கின்றன. எனவே நோயாளியிடம் பேசி, அவர் சொல்வதைக் கவனித்துக் கேட்பதும் மருத்துவ அறிவியலின் பகுதியே என்றார்.

விமர்சனமும் தாக்கமும்

எந்த நோயில் எந்தக் கூறுக்கு முதன்மை தருவது என்பதை இம்மாதிரி சொல்வதில்லை என்று நாசிர் கேமி போன்ற மனநல மருத்துவர்கள் குறை கூறியுள்ளனர். அந்தக் குறை இன்றும் தீரவில்லை. எனினும் எங்கல் பணியாற்றிய அதே ரோசெஸ்டரில், 1975இல் ராபர்ட் ஏடரும் நிக்கோலஸ் கோஹனும் எலிகளின் நோய் எதிர்ப்பாற்றலைப் பழக்கத்தின் மூலம் குறைக்க முடியும் என்று காட்டினர். மனத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு ஆய்வகச் சோதனைக்கும் உட்பட்டது. இன்று நாட்பட்ட வலி, மறுவாழ்வுச் சிகிச்சை, குடும்ப மருத்துவம் ஆகிய துறைகளில் மாணவர்கள் இம்மாதிரியைப் பாடமாகக் கற்கின்றனர்.