பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பில் வேலையளிப்பவரின் பொறுப்பு

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பில் வேலையளிப்பவரின் பொறுப்பு என்பது, தம்மிடம் பணிபுரியும் பெண்கள் பாலியல் தொல்லைக்கு ஆளாகாமல் காப்பதும், புகார் எழுந்தால் முறைப்படி விசாரித்துத் தீர்வு அளிப்பதும் வேலையளிப்பவரின் சட்டக் கடமை என்னும் கோட்பாடு ஆகும். இந்தியாவில் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடமையை வரையறுக்கிறது. ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மட்டுமன்றி, திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் சிறு தறிக்கூடங்களுக்கும் இது பொருந்தும்.

வரலாறு

1992 இல் இராசத்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒருவர் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். இதையொட்டி மகளிர் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997 ஆகத்து 13 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. இவற்றின் அடிப்படையில் இயற்றப்பட்ட சட்டம் 2013 திசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

வேலையளிப்பவரின் கடமைகள்

* பாதுகாப்பான பணிச்சூழலை அமைத்தல்.
* துன்புறுத்தலுக்கான தண்டனை விவரங்களைப் பலரும் காணும் இடத்தில் வைத்தல்.
* பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு அமைத்தல். மூத்த பெண் ஊழியர் ஒருவர் இதன் தலைவராவார். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருத்தல் வேண்டும். ஒருவர் வெளியாளாக இருப்பார்.
* பாதிக்கப்பட்டவர் விரும்பினால் காவல்துறையில் புகார் அளிக்க உதவுதல்.

நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணமிருப்பின் மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கப்படலாம். விசாரணை 90 நாட்களில் முடிக்கப்பட வேண்டும். சமரசம் செய்யப்படினும் பணம் அதற்கு அடிப்படையாகக் கூடாது. குழு அமைக்கத் தவறும் வேலையளிப்பவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

சிறு தறிக்கூடங்கள்

கைத்தறிப் பட்டு நெசவு பெரும்பாலும் வீடுகளிலும் சிறு கூடங்களிலும் நடைபெறுகிறது. பத்துக்கும் குறைவானோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு இராது. இங்கு முதலாளியே மேற்பார்வையாளராகவும் கூலி வழங்குபவராகவும் இருப்பதுண்டு. அவரிடம் முன்பணம் பெற்று வேலை செய்யும் பெண், அவர் மீதே புகார் கூறுவது எளிதன்று.

இந்நிலையைக் கருதியே சட்டம் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழுவை ஏற்படுத்துகிறது. குழு அமைக்கத் தேவையற்ற சிறு இடங்களிலிருந்து வரும் புகார்களையும், வேலையளிப்பவர் மீதே எழும் புகார்களையும் இக்குழு விசாரிக்கும். நகராட்சியிலும் வட்டத்திலும் நியமிக்கப்படும் பொறுப்பு அலுவலர் புகாரைப் பெற்று ஏழு நாட்களுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அமைப்புசாராத் தொழில் நடைபெறும் இடமும், வீடும், பணியின் பொருட்டு ஊழியர் செல்லும் இடமும் சட்டப்படி பணியிடங்களே. எனவே நெய்த சேலையை ஒப்படைக்க முதலாளியின் வீட்டிற்குச் செல்லும் ஊழியருக்கும் இப்பாதுகாப்பு உண்டு.

அண்மை நிகழ்வுகள்

2021 இல் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றின் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம், ஆலை நிறுவனம், ஆடை வணிக நிறுவனம் ஆகியவற்றிடையே 2022 இல் திண்டுக்கல் உடன்படிக்கை ஏற்பட்டது. துன்புறுத்தலைத் தடுப்பதில் ஆலையின் பொறுப்புடன் கொள்முதல் செய்யும் நிறுவனத்தின் பொறுப்பையும் இது இணைத்தது குறிப்பிடத்தக்கது. சட்டம் நடைமுறைப்படுத்தப்படுவதில் குறைபாடுகள் உள்ளதை 2023 இல் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், 2024 திசம்பரில் மாவட்ட அலுவலர்களை நியமிக்கவும் உள்ளூர்க் குழுக்களை அமைக்கவும் ஆணையிட்டது.