இழுக்கம் என்னும் சொல்

தகாத நடத்தையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. குற்றம், பிழை, தவறு, தீது, மாசு, வழு, இழுக்கம் என அவ்வரிசை நீளும். இவற்றையெல்லாம் ஒருபொருட் பன்மொழி என ஒரே கட்டாகக் கட்டி மாணவர்க்கு மனப்பாடம் செய்வித்தல் எளிது. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு இடத்திற் பிறந்தது. இழுக்கம் பிறந்த இடம் சேற்று நிலம்.

இதற்குச் சான்று திருக்குறளிலேயே உண்டு. கேள்வி அதிகாரத்தின் 415ஆம் குறளில் வள்ளுவர் ஆளும் சொல் இழுக்கல் என்பது. வழுக்கும் நிலத்தில் நடப்பார்க்கு ஊன்றுகோல் எவ்வாறு உதவுமோ, அவ்வாறு உதவும் ஒழுக்கமுடையார் வாய்ச்சொல் என்பது அக்குறளின் கருத்து. இங்கே இழுக்கல் பழியன்று. கால் நிலைபெறாமை மட்டுமே. வழுக்குவோன் இகழப்படவில்லை, அவன் கையிற் கோல் கொடுக்கப்படுகிறது.

ஒழுக்கம் என்பதோ ஒழுகுதலினின்று வந்தது. நீர் ஒழுகுவதுபோல் இடையறாது செல்வது ஒழுக்கம். அகப்பொருள் இலக்கணம் கற்பிப்போர் களவொழுக்கம், கற்பொழுக்கம் என்று இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதை எண்ணினால், அச்சொல் தொடக்கத்தில் நன்மை தீமை என்னும் தீர்ப்பின்றி வாழ்வு செல்லும் போக்கையே குறித்தது என்பது விளங்கும். அதனாலன்றோ தீயொழுக்கம் என அடைகொடுத்துச் சொல்லவும் வள்ளுவர்க்கு இயன்றது! ஒழுக்கம், இழுக்கம் என்னும் இரண்டும் ஓசையால் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றினும், ஒன்று நீரின் செலவையும் மற்றொன்று காலின் சறுக்கலையும் அடியாகக் கொண்டவை.

சறுக்கல் என்ற பொருளிலிருந்து இச்சொல் பல கிளை விட்டது. பொச்சாவாமை அதிகாரத்தில் 535, 536ஆம் குறள்களில் இழுக்குதல் மறத்தலைக் குறிக்கிறது. அங்கே சறுக்கியது கால் அன்று, நினைவு. 467ஆம் குறளில், துணிந்து இறங்கியபின் எண்ணிப் பார்க்கலாம் என்னும் மனப்போக்கு இழுக்கு எனப்படுகிறது. இஃது அறப்பிழையினும் அறிவுப்பிழையே எனலாம்.

ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் பத்துக் குறள்களில் இழுக்கம் மூன்றிடத்து வருகிறது. அங்கேதான் அது முழு நிறையான அறச்சொல் ஆகிறது. ஆயினும் பழைய சேறு காயவில்லை. அதே அதிகாரத்தின் 139ஆம் குறள், தீய சொல்லை வாய் தவறிச் சொல்வதை வழுக்குதல் என்றே கூறுகிறது.

சொல்லின் வரலாற்றிற் பெருந்திருப்பம் உரையில் நிகழ்ந்தது. பரிமேலழகர் ஒழுக்கமுடைமையை அவரவர் வருணத்திற்கும் நிலைக்கும் விதிக்கப்பட்ட ஒழுக்கத்தை உடையராதல் என வரையறுத்தார். இழுக்கம் இழிந்த பிறப்பாய்விடும் என்னும் கருத்துடைய 133ஆம் குறளுக்கும் வருணத்தையே அளவுகோலாக்கினார். நடத்தையே குடியைத் தீர்மானிக்கும் என்பது அக்குறளின் நேர்ப்பொருள். உரையிலோ பிறப்பு முன்னே நின்று நடத்தையைத் தீர்மானிக்கிறது. அடுத்த குறளில் பிறப்பொழுக்கம் என்ற சொல் நிற்பதால் உரையாசிரியர்க்குப் பிடி கிடைத்தது என்பதை மறைத்தலும் நேர்மையன்று. எனினும், வழுக்கிய காலைப் பற்றிய சொல் ஒன்று பிறந்த குலத்தைப் பற்றிய சொல்லானமை சிறு மாற்றமன்று. இருபதாம் நூற்றாண்டில் மு. வரதராசனார் தம் தெளிவுரையில் வருணத்தை விடுத்துக் குடிப்பிறப்பின் தன்மை என்ற அளவில் நின்றார்.

இலக்கண ஆசிரியர் இவ்வகையில் இரக்கமுடையோர். வழுக்குதலோடு உறவுடைய வழு என்னும் சொல்லைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்தவர்கள், உடனே வழுவமைதி என ஒன்றையும் வைத்தனர். உவப்பினால் பசுவை அம்மை என்று அழைப்பவன் திணை வழுவியவன்தான். ஆனால் காரணம் கேட்டு இலக்கணம் அவனை ஏற்றுக்கொள்கிறது.

இன்றைய வழக்கில் இழுக்கம் ஏட்டோடு நின்றுவிட்டது. இழுக்கு மட்டும் பேச்சிலும் மேடையிலும் வாழ்கிறது, அதுவும் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையோடு: குடும்பத்துக்கு இழுக்கு, குலத்துக்கு இழுக்கு, பெயருக்கு இழுக்கு. வழுக்கியவன் யார், எங்கே, எதனால் என்ற வினாக்கள் இத்தொடர்களில் இல்லை; பிறர் மேல் தெறித்த சேறு மட்டுமே பேசப்படுகிறது. பெண்கள் மீது இத்தொடர் எத்துணை எளிதாக வீசப்படுகிறது என்பதை நாடக வசனங்களைக் கேட்போர் அறிவர். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலோ நன்னெறிக் கல்வி என்ற பாடம் உண்டு. நெறி என்றாலும் வழிதான். அப்பாடவேளையில் 415ஆம் குறளை 133ஆம் குறளுக்கு முன்னே நடத்தினால், மாணவர் இழுக்கம் என்ற சொல்லை முதலில் ஊன்றுகோலோடு சந்திப்பர்.