கத்தியும் கட்டளையும்: இந்தியப் படைமருத்துவப் பயிற்சியில் தலைமைப் பண்பு வளர்ந்த வரலாறு

பட்டுத் தறிகளால் இன்று பெயர்பெற்ற ஆரணி, பதினெட்டாம் நூற்றாண்டில் இருமுறை போர்க்களமானது. ஆற்காட்டு முற்றுகையைத் தாங்கி வென்ற ராபர்ட் கிளைவ், 1751 டிசம்பர் 3 அன்று ராசா சாகிபின் படையையும் அதற்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்களையும் இங்கே தோற்கடித்தார். 1782 ஜூன் 2 அன்று ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இங்கே மோதின. இப்போர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தளபதிகளையே பேசுகின்றன. காயம்பட்டவரைக் காக்க வேண்டிய மருத்துவருக்கு என்ன பயிற்சி இருந்தது, என்ன அதிகாரம் இருந்தது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. படைமருத்துவருக்குத் தலைமைத் திறன் ஒரு கூடுதல் தகுதி அன்று, அது சிகிச்சையின் உள்ளுறுப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த உண்மை பயிற்சிக்குள் வந்துசேர இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

கம்பெனிக் காலம்

சென்னை அரசு பொது மருத்துவமனையின் தொடக்கமே படைவீரர்களுக்கானது. 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நோயுற்ற கிழக்கிந்தியக் கம்பெனி வீரர்களுக்காக அது திறக்கப்பட்டது. 1835-இல் அதனோடு இணைந்து தோன்றிய மருத்துவப் பள்ளியும் படைக்குத் தேவையான மருத்துவ உதவியாளர்களை உருவாக்கவே எழுந்தது. 1850-இல் அது சென்னை மருத்துவக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. மருந்து கலக்கவும் காயம் கட்டவும் அங்கே கற்றுத்தந்தார்கள். ஆனால் காயம்பட்டோரைச் சுமக்கும் டோலி எப்போது வரும், எந்த வழியே போகும், எங்கே நிற்கும் என்பதையெல்லாம் படைத்தலைமையே முடிவுசெய்தது. மருத்துவரின் கையில் தொழில் இருந்தது, கட்டளை இல்லை.

மெசபொடேமியா தந்த பாடம்

1890-களில் மருத்துவ அதிகாரிகளுக்கு முழுமையான படைப் பதவிப் பெயர்கள் கிடைத்தன. பெயர் மட்டும் போதாது என்பதை முதல் உலகப்போர் காட்டியது. 1915 நவம்பரில் மெசபொடேமியாவில் நடந்த டெசிபோன் போரில் காயமுற்றவர்கள், ஆற்றுக் கப்பல்கள் போதாமல் நெருக்கியடித்துப் பாஸ்ராவுக்கு அனுப்பப்பட்டனர். முறிந்த எலும்புக்குச் சரியான கட்டு இல்லை; புண்கள் புழுத்தன. அக்கொடுமையை அறிக்கையாக்கிய இந்திய மருத்துவப் பணியின் மேஜர் கார்ட்டரை மேலதிகாரிகள் கைதுசெய்வதாக மிரட்டினர். 1917-இல் வெளியான மெசபொடேமியா விசாரணைக் குழுவின் அறிக்கை இவற்றைப் பதிவுசெய்தது. அங்கே அறுவைசிகிச்சை தெரிந்தவர்கள் இருந்தார்கள். கப்பலையும் ஆளையும் பொருளையும் முன்கூட்டியே திட்டமிட்டுக் கேட்டுப்பெறும் செல்வாக்குத்தான் மருத்துவர்களிடம் இல்லை. ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியே சிறு மருத்துவமனை நடத்திய பழைய முறை இதன்பின் மாறியது; 1918-இல் இந்திய வீரர்களுக்கு நிலைய மருத்துவமனைகள் வந்தன. படுக்கைகளையும் பணியாளர்களையும் நிர்வகிக்கும் பொறுப்பு மருத்துவர்மேல் விழுந்தது.

ஒரே குடை

1943 ஏப்ரல் 3 அன்று, தனித்தனியே இயங்கிய மருத்துவப் பணிகள் ஒன்றாக்கப்பட்டு இந்திய ராணுவ மருத்துவப் படை உருவானது. மருத்துவரும் செவிலிப் பணியாளரும் சுமைதூக்குவோரும் ஒரே அமைப்புக்குள் வந்தனர். பி. சி. ராய் குழுவின் பரிந்துரைப்படி 1948-இல் புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது.

கொரியா: இரு திறனும் ஒன்றான இடம்

இந்த மாற்றத்தின் முழு உருவம் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். இந்திய வீரர்களுள் முதன்முதலில் பாராசூட்டில் குதித்த இருவரில் இவர் ஒருவர். இவர் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் கொரியப் போர்க்களத்துக்குச் சென்றது. சீனப் படை நெருங்கியதால் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க நேர்ந்தபோது போதிய வண்டிகள் இல்லை. கருவிகளை விட்டுவந்தால் அடுத்த ஊரில் இந்தப் பிரிவால் யாரையும் காப்பாற்ற முடியாது. கைவிடப்பட்ட நீராவி ரயில் ஒன்றைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பி, பிரிவின் வீரர்களே அதை ஓட்டிக் கருவிகளோடு தெற்கே வந்தனர். இதை நான் ஒரு மருத்துவ முடிவாகவே கருதுகிறேன். பின்னால் நடந்த அறுவைசிகிச்சைகளுக்கு அந்த ரயிலே அடித்தளம்.

1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையோடு இப்பிரிவின் சிறு குழுவும் குதித்து, களத்திலேயே அறுவைசிகிச்சை செய்தது. மற்றொரு பகுதி தேகுவில் கொரியப் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியிலும் அவர் ஈடுபட்டார். மலைநாட்டு ஊர்தோறும் தடுப்பூசிக் குழுக்களை நடத்தும் அந்த வேலைக்கும் இதே இரட்டைத் திறன்தான் தேவைப்பட்டது.

பயிற்சியில் பதிந்த மாற்றம்

1962-இல் புனே கல்லூரியில் இளநிலை மருத்துவப் படிப்பு தொடங்கியது. மருத்துவ மாணவர் முதலாண்டிலிருந்தே படை ஒழுங்கில் வளர்கிறார். பணியில் சேர்ந்த இளம் மருத்துவ அதிகாரிகள் லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படை மையத்தில் அடிப்படைப் பயிற்சி பெறுகின்றனர். புனே கல்லூரியை வழிநடத்திய புனிதா அரோரா 2004-இல் இந்தியாவின் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார்.

முடிவுரை

இந்த வரலாறு ஒரு தொடர்ச்சியைக் காட்டுகிறது: அதிகாரம் இல்லாத அறிவு பாஸ்ராவில் தோற்றது, அறிவோடு சேர்ந்த அதிகாரம் கொரியாவில் உயிர் காத்தது. எனவே தலைமைப் பயிற்சியை அணிவகுப்பு மைதானத்துக்கும், சிகிச்சைப் பயிற்சியை வார்டுக்கும் எனப் பிரித்துவைப்பது தவறு. என்ன நோய் என்று கேட்கும் அதே தேர்வில், பத்துப் பேர் காயமுற்றிருக்க ஒரே வண்டி இருந்தால் முதலில் யாரை ஏற்றுவீர்கள், எஞ்சியவர்களோடு யாரை நிறுத்துவீர்கள் என்றும் கேட்க வேண்டும். அந்த விடைக்கும் மருத்துவ மதிப்பெண் தரப்பட வேண்டும்.