வெள்ளைக்கோல் வந்த வழி

சாலையோரம் காத்து நிற்கும் பார்வையற்றவர் கையில் வெள்ளைக்கோலைப் பார்த்திராத தில்லிவாசி இருக்க மாட்டார். அந்தக் கோல் எதற்கு என்று கேட்டால், "வண்டிக்காரங்க பார்த்து ஒதுங்கிப் போகத்தான்" என்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பாதி விடை. மறுபாதியை அறியாமல், கண்நீர் அழுத்த நோயால் 2011-இல் பார்வை இழந்த எங்கள் பெரியப்பாவை நான்கு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டோம். பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கோல் ஊன்றித் தடவி நடப்பது பழங்காலந்தொட்டு உள்ளதுதான். அதற்கு வெள்ளை நிறம் வந்தது வாகனங்களால். 1921-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக் கலைஞர், விபத்தில் பார்வை போனவர், வீட்டைச் சுற்றி ஓடும் வண்டிகளுக்கு அஞ்சித் தம் கைத்தடிக்கு வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டார். 1931-இல் பாரிஸில் கில்லி தெர்பெமோன் என்ற சீமாட்டி பார்வையற்றோருக்கு வெள்ளைக்கோல் வழங்கத் தொடங்கினார். இவையெல்லாம் ஊரார் பார்ப்பதற்கான கோல்கள்.

கோல் பிடித்தவருக்கே வழிசொல்லும் கருவியானது இரண்டாம் உலகப் போரின்போதுதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனைக்கு, போரில் கண் இழந்த இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். நேற்று வரை துப்பாக்கி தூக்கி ஓடியவர்கள். ஒருவர் கையைப் பிடித்து நடக்க அவர்கள் சம்மதிப்பார்களா? அங்கே பணியிலிருந்த ரிச்சர்டு ஹூவர், முன்பு மேரிலாந்து பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். உடல் பாரத்தைத் தாங்கும் குட்டையான ஊன்றுகோல் இவர்களுக்குப் பயன்படாது என்று கண்டார். மெலிந்த, எடை குறைந்த, நெஞ்செலும்பு வரை நீளும் கோலை வடிவமைத்தார்.

கோலை விடவும் அதை வீசும் முறைதான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். கையை வயிற்றுக்கு நேராக வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கோலை இருபுறமும் வீச வேண்டும். வலக்கால் முன்னே போகும்போது கோல்முனை இடப்பக்கம் தரையைத் தொடும். இடக்கால் போகும்போது வலப்பக்கம். அதாவது, அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் ஓர் அடி முன்னதாகவே தொட்டுப் பார்த்துவிடும். பள்ளமா, படியா, சேறா என்பது விரலுக்குத் தெரியும். சும்மா தட்டிக்கொண்டு போவதல்ல இது!

பிரான்சுப் போர்முனையில் கண் இழந்து வேலி ஃபோர்ஜில் பயின்ற ரஸ்ஸல் வில்லியம்ஸ், 1948-இல் ஹைன்ஸ் மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்துக்கே தலைவரானார். 1960-இல் பாஸ்டன் கல்லூரியில் இப்பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களுக்கெனத் தனிப் படிப்பு வந்தது.

நம் நாட்டுக் கதையும் படைவீரர்களோடு சேர்ந்ததுதான். பார்வையற்ற குழந்தைகளுக்குப் பள்ளிகள் முன்னரே இருந்தன. எங்கள் நெல்லைச் சீமையில், பாளையங்கோட்டையில், 1890-லேயே ஒன்று தொடங்கியாயிற்று. ஆனால் நடுவயதில் கண் போனவன் எங்கே போவான்? திண்ணைதான். 1943-இல் டேராடூனில், போரில் கண் இழந்த இந்திய வீரர்களுக்காக செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி அமைந்தது. அதை நடத்திய சர் குளூத்தா மெக்கன்சி நியூசிலாந்துக்காரர். 1915-இல் கல்லிப்போலிப் போரில் தாமே கண் இழந்தவர். அந்த அடித்தளத்தில்தான் 1950-இல் வயதுவந்த பார்வையற்றோர் பயிற்சி மையம் டேராடூனில் எழுந்தது. அது வளர்ந்து இன்று தேசிய நிறுவனமாக இருக்கிறது. அதன் மண்டல மையம் ஒன்று சென்னையை அடுத்த பூவிருந்தவல்லியில் உண்டு.

எங்கள் வீட்டில் வெள்ளைக்கோல் என்ற பேச்சே கூடாது. "நாலு பேரு என்ன நினைப்பாங்க, நாம பார்த்துக்க மாட்டோமா?" என்பார் பெரியம்மா. அவர் மனசு கெட்டது அல்ல, பாசம்தான். குளியலறைக்குக்கூட யாராவது கை பிடித்துக் கூட்டிப்போனோம். ஒருநாள் பெரியப்பா கையை உதறிவிட்டு, "ஏம்ல இப்படி இழுக்கே? நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்றார். அதற்குப் பிறகே, 2015-இல், பயிற்சியாளர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தோம். அவர் முதலில் எங்களுக்குத்தான் பாடம் நடத்தினார்: நாம் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவர் நம் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரவேண்டும் என்று.

கோல் தரையைச் சொல்லும். தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லாது. தில்லியில் திறந்த ஜன்னல் கதவும் ஏர்கூலரும் நெற்றியைப் பதம் பார்க்கும். இதற்காக ஐஐடி தில்லியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழுவினர் உருவாக்கிய 'ஸ்மார்ட்கேன்' 2014-இல் வெளிவந்தது. வெள்ளைக்கோலின் பிடியில் பொருத்தும் சிறு கருவி அது. கேளா ஒலியை அனுப்பி, மூன்று மீட்டர் வரை உள்ள தடையைக் கைப்பிடி அதிர்வால் உணர்த்தும். தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். பெரியப்பாவும் வாங்கினார். ஆனால் கோல் வீசப் பழகிய பிறகே அது உதவியது; பழகாதவருக்கு அது வெறும் கிறுகிறுப்பு.

அந்த ஆண்டு தைப்பூசம் வருவதற்குள் மலைமந்திர் வரை தனியே போய் வரலானார். நான் பத்தடி பின்னால், பேசாமல் போவேன். தரிசனம் முடிந்து இறங்கியதும் கூட்டத்தில் என் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். அவர் தூணின் இடப்பக்கம் கோலால் தொட்டு, தம் செருப்பை மாட்டிக்கொண்டு, "இன்னுமா கிடைக்கல?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார்.