மறைந்து போக ஓர் உத்தி

1890-ஆம் ஆண்டு கோடையில், லண்டன் லைசியம் தியேட்டரின் மேனேஜர் பிராம் ஸ்டோக்கர் விடுமுறைக்காக விட்பி என்ற கடலோர ஊருக்குப் போனார். ஓய்வெடுக்கப் போனவரின் மனதில் ஒரு ரத்தக் காட்டேரிக் கதை ஓடிக்கொண்டிருந்தது. கதையின் காட்டேரிப் பிரபுவுக்கு 'வாம்பிர்' என்று பெயர்கூட வைத்தாயிற்று. ஊர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் வலாக்கியா நாட்டைப் பற்றி எழுதிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. புரட்டிக்கொண்டே வந்தவரின் கண் ஒரு பெயரில் நின்றது: டிராகுலா. குறிப்புகளில் இருந்த 'வாம்பிர்' அடிபட்டது. பெயர் கிடைத்துவிட்டது, ஆள் உருவாக இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின.

1897 மே மாதம் நாவல் வெளிவந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே, நாடக உரிமை கைநழுவிவிடக் கூடாது என்று லைசியம் மேடையில் கதையை வசனமாக வாசிக்க வைத்தார் ஸ்டோக்கர். மணிக்கணக்கில் நீண்ட அந்த வாசிப்புக்குக் கூட்டம் என்று சொல்ல ஆளே வரவில்லை. லைசியத்தின் முதலாளியும் பெரும் நடிகருமான ஹென்றி இர்விங் கடைசிவரை டிராகுலா வேடம் போடவும் இல்லை. 1912-இல் ஸ்டோக்கர் இறந்தபோது அவர் மனைவி ஃபுளோரன்ஸிடம் மிஞ்சியது, சுமாராக விற்றுக்கொண்டிருந்த அந்த நாவலின் உரிமைதான். அதையும் யாரோ திருடப் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

1922-இல் பெர்லினிலிருந்து பெயர் போடாத ஒரு தபால் வந்தது. உள்ளே 'நோஸ்ஃபெராட்டு' என்ற புதிய படத்தின் விளம்பரம். இயக்குநர் முர்னாவ். கதை அப்பட்டமாக டிராகுலாவின் கதை. பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். அனுமதியும் கேட்கவில்லை, பணமும் தரவில்லை. ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். படக் கம்பெனியோ அதற்குள் திவாலாகிவிட்டது. நஷ்ட ஈடு கிடைக்க வழியில்லை என்றானதும், படச்சுருள்களையாவது அழித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1925-இல் நீதிமன்றமும் அப்படியே உத்தரவிட்டது. சில பிரதிகள் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தன. வழக்கு இழுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான், முறையாகப் பணம் கொடுத்து உரிமை வாங்க ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் ஹாமில்டன் டீன். ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் கம்பெனியின் முதலாளி. நாவலை நாடகமாக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில், கடும் ஜலதோஷத்தோடு போராடிய நான்கு வாரங்களில் தானே எழுதி முடித்தார். எழுதும்போதே சிக்கல் தொடங்கிவிட்டது. திரான்சில்வேனியக் கோட்டை, ஓநாய்கள், புயலில் சிக்கும் கப்பல் இவற்றையெல்லாம் எந்த ரயிலில் ஏற்றி எந்த ஊர் மேடையில் இறக்குவது? டீன் துணிந்து வெட்டினார். கதை முழுவதும் இங்கிலாந்தில், நாலு சுவருக்குள் நடப்பதாக மாறியது. செலவு மிச்சமானது; வேறொரு வம்பு முளைத்தது.

நாவலின் டிராகுலா நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவன். உள்ளங்கையில் ரோமம், மூச்சில் நாற்றம். இப்படிப்பட்டவனை எந்த லண்டன் குடும்பம் வரவேற்பறையில் உட்கார வைக்கும்? ஆகவே டீன் அவனைக் கனவானாக்கினார். மாலை விருந்துக்குப் போகிறவர்கள் போடும் கோட்டு சூட்டு, அதன் மேல் நீண்ட கறுப்பு மேலங்கி. இனி எந்த வீட்டுக்குள்ளும் அவன் தாராளமாக நுழையலாம். ஆனால் வந்தவன் எல்லோர் கண்ணெதிரிலும் மாயமாக மறைந்தாக வேண்டுமே?

அதற்கும் மேலங்கியே வழி காட்டியது. அதன் காலரை விறைப்பாக, பின்தலையை மறைக்கும் உயரத்துக்குத் தைத்தார்கள். நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். மற்ற பாத்திரங்கள் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொள்வார்கள். காலர் மறைப்பில் தலையை உள்ளிழுத்துக்கொண்டு, அங்கியிலிருந்து நழுவி, மேடைத் தரையில் இருக்கும் ரகசியக் கதவு வழியாக அவர் கீழே இறங்கிவிடுவார். தலை எப்போது போனது என்று அரங்கில் யாருக்கும் தெரியாது. பிடித்தவர்கள் கையில் வெறும் துணி!

1924-இல் டெர்பி நகரில் தொடங்கிய நாடகம் 1927-இல் லண்டனைத் தொட்டது. மயங்கி விழுகிறவர்களைக் கவனிக்க அரங்கில் சீருடையோடு ஒரு நர்ஸை நிறுத்தி, அதையே விளம்பரமாக்கினார் டீன். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மேடையிலும் டிராகுலா ஏறினான். அங்கே மேலங்கியைப் போட்டுக்கொண்டவர், ஆங்கிலம் சரியாக வராத ஒரு ஹங்கேரிய நடிகர்.

பெலா லுகோசியின் இழுத்து இழுத்துப் பேசும் உச்சரிப்பே காட்டேரியின் குரலாக நிலைத்துவிட்டது. யுனிவர்சல் நிறுவனம் படமெடுக்கக் கிளம்பியபோது நடிகர் லான் சேனியின் பெயர் பலமாக அடிபட்டது. 1930 ஆகஸ்டில் சேனி இறந்துவிட்டார். வாரம் 500 டாலர் என்ற சொற்பச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு லுகோசி அந்த வாய்ப்பைப் பிடித்தார். 1931-இல் படம் வந்தது. சினிமாவில் ஆளை மறைய வைக்கக் கத்தரிக்கோல் போதும். ரகசியக் கதவும் வேண்டாம், உயர்ந்த காலரும் வேண்டாம். வேலை போன காலருக்கு அத்தோடு விடை கொடுத்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர்.

1956-இல் லுகோசி இறந்தபோது டிராகுலா மேலங்கியோடுதான் அவரைப் புதைத்தார்கள். மறு ஆண்டு அக்டோபரில் யுனிவர்சலின் பழைய பேய்ப்படங்கள் 52 மொத்தமாக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தன. தியேட்டருக்குப் போகாத பிள்ளைகளும் வீட்டிலிருந்தே டிராகுலாவைப் பார்த்தார்கள். அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும் வாண்டுகள் தோளில் போட்டுக்கொள்ளும் கறுப்பு அங்கியில், காது வரை நிமிர்ந்து நிற்கிறதே, அந்தக் காலர் டீன் கம்பெனியின் மேடைத் தந்திரம்தான். இன்று அந்தக் காலர் இல்லாவிட்டால் அது டிராகுலாவே இல்லை.

ஊர் சுற்றப் போகாமல் அன்றிரவு ஸ்டோக்கரின் நாவலோடு வீட்டில் உட்காருகிறவர்களுக்கு வெள்ளை மீசைக் கிழவன் கிடைப்பான். கோட்டைச் சுவரில் தலைகீழாக இறங்கும்போது இறக்கைபோல் விரியும் அங்கியும் கிடைக்கும். காலரை மட்டும் கடைசிப் பக்கம் வரை தேடினாலும் காண முடியாது.