மரம் பட்டான கதை

துணிக்கடையில் ‘ஆர்ட் சில்க்’ என்று சொல்லிச் சேலையை விரித்துப் போடுவார்கள். ‘ஆர்ட்’ என்றதும் கலை வேலைப்பாடு மிகுந்த பட்டு என்று எண்ணி வாங்கியவர்கள் நம் பாட்டிமாரில் பலர். உண்மையில் அது ‘ஆர்ட்டிபிஷியல்’ என்னும் நீண்ட சொல்லின் தலைப்பகுதி மட்டுமே. செயற்கைப் பட்டு என்பதுதான் பொருள். இந்தப் பட்டு எந்தப் புழுவின் வாயிலிருந்தும் வந்ததன்று. காட்டு மரத்தைக் கூழாக்கி, கூழைக் கரைத்து, கரைசலை மீண்டும் இழையாக்கிப் பெற்றது. இன்று இதையே ரேயான், விஸ்கோஸ், மோடல், லயோசெல் என்று பல பெயர்களில் விற்கிறார்கள். ‘மரத்திலிருந்து வந்தது, மண்ணில் மக்கிப் போகும், ஆகவே இயற்கைக்கு உகந்தது’ என்றும் விளம்பரம் செய்கிறார்கள். இந்தக் கூற்று எவ்வளவு தூரம் சரி? விடை வேண்டுமானால் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும். அதில் ஒரு முக்கியமான ஏடு நம் பவானி ஆற்றங்கரையில் எழுதப்பட்டது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் முந்திரிக்கு அடுத்தபடி கண்ணில் படுவது தைல மரம், அதாவது யூக்கலிப்டஸ். அதன் கட்டையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு செல்லுலோஸ் என்னும் பொருள். பருத்திப் பஞ்சும் இதே செல்லுலோஸ்தான். குளுக்கோஸ் அலகுகள் சங்கிலிபோல் கோத்து நிற்கும் நீண்ட மூலக்கூறு அது. பருத்தியில் அது தூய இழையாகவே கிடைக்கிறது. மரத்திலோ லிக்னின் என்னும் பசை அதைக் கெட்டியாகப் பிணைத்து வைத்திருக்கிறது.

அப்படியானால் பசையை நீக்கிவிட்டு, செல்லுலோஸை உருக்கி இழையாக இழுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நைலானை அப்படித்தானே இழுக்கிறார்கள்! ஆனால் செல்லுலோஸ் உருகாது. அடுத்தடுத்த சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், சூடேற்றினால் உருகும் முன்னரே கருகிவிடும். நீரிலும் கரையாது. இந்தப் பிடிவாதம்தான் நாம் சொல்ல வந்த கதைக்கெல்லாம் மூலகாரணம்.

பட்டுப்புழு செய்வதை மனிதன் செய்ய முடியாதா என்று 1665ஆம் ஆண்டிலேயே இராபர்ட் ஹூக் எழுதினார். சுருள்வில் விதியில் நீங்கள் படிக்கும் அதே ஹூக்தான். அது நடைமுறைக்கு வர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், செயற்கை இழைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் துணியை எண்ணி வேலை தொடங்கியவரே அல்லர். ஜோசப் ஸ்வான் மின்விளக்குக்கு நல்ல இழை தேடினார். நைட்ரோ செல்லுலோஸ் கரைசலை நுண்துளை வழியே பிதுக்கி, சீரான இழை செய்து, அதைக் கரியாக்கினார். அந்த இழையைத் துணியாகப் பின்னி 1885இல் காட்சிக்கும் வைத்தார். பிரான்சில் ஹிலேர் த சார்தொன்னே இதே முறையில் பட்டு செய்து 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் வைத்தார். பளபளப்பில் குறையில்லை. நைட்ரோ செல்லுலோஸ் என்பது வெடிபஞ்சின் உறவு என்பதுதான் குறை!

1892இல் இங்கிலாந்தில் சார்லஸ் கிராஸ், எட்வர்டு பெவன், கிளேட்டன் பீடில் ஆகிய மூவரும் கண்டுபிடித்த விஸ்கோஸ் முறைதான் உலகை வென்றது. கோர்ட்டால்ட்ஸ் என்னும் பட்டு நெசவுக் குழுமம் உரிமையை 1904இல் வாங்கி, மறு ஆண்டே கவென்ட்ரியில் உற்பத்தியைத் தொடங்கியது.

அந்த முறை இதுதான். மரக்கூழ் அட்டைகளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைத்துப் பிழிந்து துகளாக்குவார்கள். அதனுடன் கார்பன் டைசல்பைடு சேர்ப்பார்கள். வெள்ளைத் துகள் ஆரஞ்சு நிறமாகும். இப்போது பிடிவாதக்கார செல்லுலோஸ், நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைந்து தேன்போல் ஆகிவிடும். இந்தத் தேனைச் சில காலம் ‘பழுக்க’ வைக்க வேண்டும். குழைத்த களிமண்ணை உடனே வனையாமல் ஊறப் போட்டு வைப்பது எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிலாளிக்குத் தெரியும். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். பிறகு மயிரிழையினும் நுண்ணிய துளைகள் கொண்ட தகட்டின் வழியே பிதுக்குவார்கள். இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த உரல் அமிலத் தொட்டிக்குள் இருக்கிறது. அதன் தகடு பொன்னும் பிளாட்டினமும் கலந்த கலவை. கந்தக அமிலம் பட்டதும் கரைசல் மீண்டும் திண்ம செல்லுலோஸ் இழையாகிறது.

இங்கே ஒரு நொடி நில்லுங்கள். மரத்தில் இருந்ததும் செல்லுலோஸ். இழையில் இருப்பதும் செல்லுலோஸ். அப்படியானால் இடையில் சேர்த்த கார்பன் டைசல்பைடு எங்கே போயிற்று? அது இழையில் தங்கவில்லை. கொஞ்சம் கார்பன் டைசல்பைடாகவே ஆவியாகிறது. கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வெளியேறுகிறது. காஸ்டிக் சோடாவும் அமிலமும் சேர்ந்து சோடியம் சல்பேட் உப்பாகிக் கழிவுநீரில் கலக்கிறது. தொட்டியில் சேர்க்கும் துத்தநாக உப்பும் சிறிது அதனோடு போகிறது. ஒரு கிலோ இழைக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ உலர்ந்த மரம் தேவை. மீதி ஒன்றரை கிலோ லிக்னினும் பிறவும் கூழாலையிலேயே கரும்பழுப்புச் சாறாகப் பிரிந்துவிடுகின்றன. பொருள் அழியாது என்பது பள்ளிப் பாடம். ஆலைக்குள் போனதெல்லாம் இழையாகவோ, காற்றிலோ, ஆற்றிலோ இருந்தே தீர வேண்டும்.

இவற்றுள் கார்பன் டைசல்பைடு மிகப் பொல்லாதது. 46 டிகிரி செல்சியசில் கொதித்துவிடும். ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு படரும். நீராவிக் குழாயின் சூடே அதைப் பற்றவைக்கப் போதும். ஆனால் தீயைவிடக் கொடுமை, அதைத் தினமும் சுவாசிப்பது. 1856இலேயே பாரிஸ் மருத்துவர் டெல்பெஷ், இரப்பர் பட்டறைத் தொழிலாளரிடம் இதனால் வரும் நரம்புத் தளர்ச்சியையும் மனக்கோளாறையும் விவரித்துவிட்டார். விஸ்கோஸ் பிறப்பதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே! ஆயினும் ஆலைகள் பெருகின. 1930களில் அமெரிக்க ரேயான் தொழிலாளரின் நிலையை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். நூற்புத் தொழிலாளரிடையே மாரடைப்பு மரணங்கள் மிகுந்திருப்பதை 1968இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலையில் நூற்றுக்கணக்கானோர் நஞ்சுக்கு ஆளான பின், 1993இல் ஆலை மூடப்பட்டது. அதன் எந்திரங்கள் அழிக்கப்படவில்லை, சீனாவுக்கு விற்கப்பட்டன. அவை கொரியாவுக்கு வந்ததும் ஜப்பானிலிருந்து பழைய எந்திரங்களாகத்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் ரேயான் ஆலைக்கு ஒரு தமிழர் காரணம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார், கேரளத்தில் பெரும்பாவூருக்கு அருகே பெரியாற்றங்கரையில் திருவாங்கூர் ரேயான்சைத் தொடங்கினார். 1950இல் அங்கே இழை வந்தது. அந்த இடத்துக்கு ரேயான்புரம் என்றே பெயர். 1954இல் மத்தியப் பிரதேசத்து நாக்தாவில் குவாலியர் ரேயான்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. பருத்தி பற்றாக்குறையாக இருந்த காலம் அது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் தொழில் என்று அரசுகள் ஆலைகளை வரவேற்றன. அதைக் குறைசொல்ல நான் முன்வர மாட்டேன். மரத்தையும் தண்ணீரையும் அள்ளிக் கொடுத்தபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் தேர்ந்தெடுத்த இடம் சிறுமுகை. மேட்டுப்பாளையத்துக்கு அருகே, நீலகிரி அடிவாரத்தில், பவானி ஆற்றின் கரையில் இருக்கும் ஊர். 1957இல் பதிவான சவுத் இந்தியா விஸ்கோஸ் அங்கே ஆலை எழுப்பி, 1960களில் இழை உற்பத்தியில் இறங்கியது. இடத்தேர்வைப் பாருங்கள். காலடியில் ஆறு. தலைக்குமேல் மலையில் மரம். பைக்காராவில் 1932 முதலே நீர்மின்சாரம். வாங்குவதற்குக் கோவை நூற்பாலைகள். இதைவிடப் பொருத்தமான இடத்தை யாரும் காட்டியிருக்க முடியாது. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊருக்கே செயற்கைப் பட்டு ஆலை வந்து சேர்ந்தது இன்னொரு விநோதம்.

மலையில் இருந்த மரம் எது? நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்று சொல்லும் நீல யூக்கலிப்டசும், சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. நீலகிரிக்கு யூக்கலிப்டஸ் வந்தது 1843இல். உதகையில் குடியேறிய வெள்ளையருக்கு விறகு வேண்டியிருந்தது, அதற்காக நட்டார்கள். பிறகு சீகைப்பட்டையைத் தோல் பதனிட எடுத்தார்கள். ரேயான் ஆலை வந்ததும் அந்தக் கட்டைகளுக்குப் புதிய மதிப்பு பிறந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் வனத்துறைத் தோட்டங்களிலிருந்து மரம் சிறுமுகைக்கு இறங்கியது. ‘வெறும் புல்தரை’ என்று கருதப்பட்ட மலைச் சரிவுகள் தோட்டங்களாயின. அந்தப் புல்வெளியும் இடையிடையே நிற்கும் சோலைக்காடும்தான் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு ஊட்டுகின்றன என்பதைப் பின்னரே உணர்ந்தோம். பவானியின் பல ஓடைகள் அங்கேதான் பிறக்கின்றன. ஆக, ஆலையின் தேவை ஆற்றைத் தலையிலும் தொட்டது, இடையிலும் தொட்டது.

இடையில் தொட்டதுதான் பெரிய பூசலாயிற்று. சிறுமுகைக்குக் கீழே பவானிசாகர் அணை. 1955இல் கட்டி முடிந்த அந்த அணையின் கீழ்பவானிக் கால்வாயால் இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. பல ஊர்களுக்குக் குடிநீரும் இந்த ஆற்றிலிருந்துதான். ஆலைக் கழிவின் நிறமும் நாற்றமும் அணைநீரில் தெரிந்தபோது, விவசாயிகளும் மீனவர்களும் சும்மா இருக்கவில்லை. 1990களில் போராட்டம், வழக்கு, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவு என்று விவகாரம் முற்றியது. ஆற்றில் விடாமல் நிலத்தில் விட்டால் கிணறுகள் கெட்டன. ஒருபக்கம் கடன் சுமையும் சேர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலை அடியோடு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆறு பிழைத்ததே என்று மகிழ்பவர், ஆலைக் குடியிருப்பில் சம்பள பாக்கிக்காகக் காத்திருந்தவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது சிறுமுகையின் தனித் துயரம் அன்று. கேரளத்தில் சாலியாற்றங்கரையில் மாவூர் ஆலை மூங்கிலையும் மரத்தையும் கூழாக்கி வந்தது. அதை எதிர்த்த இயக்கத்தை முன்னின்று நடத்திய வாழக்காடு கே. ஏ. ரகுமான் 1999இல் புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டில் ஆலையின் கூழ் உற்பத்தியும் நின்றது. கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையின் ஹரிஹர் ஆலைக்காகப் பொது மேய்ச்சல் நிலங்களில் யூக்கலிப்டஸ் நட்டபோது, 1987இல் குஸ்னூர் கிராமத்தார் கன்றுகளைப் பிடுங்கிவிட்டுத் தங்களுக்குப் பயன்படும் மரங்களை நட்டார்கள். ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து தாங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு தேசிய வனக்கொள்கை சொன்னதற்குப் பின்னால் இத்தகைய பூசல்கள் நிறைய உண்டு.

அப்படியானால் ரேயானே வேண்டாமா? பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது; மக்குவதில்லை. பருத்திக்குப் பாசனமும் பூச்சிமருந்தும் வேண்டும். மர இழையோ உண்மையாகவே மக்கும். அந்த விளம்பரத்தின் அந்தப் பகுதி பொய்யன்று. கரைக்கும் முறைதான் சிக்கல். அதனால்தான் ஆய்வாளர்கள் கார்பன் டைசல்பைடு இல்லாமலே செல்லுலோஸைக் கரைக்க வழி தேடினார்கள். என்.எம்.எம்.ஓ. எனப்படும் ஒரு கரிமச் சேர்மம் நீருடன் சேர்ந்து செல்லுலோஸை நேரடியாகக் கரைக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்புகளை அதன் ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, சங்கிலிகள் விலகுகின்றன. இழையை நீரில் பிதுக்கினால் போதும்; கரைப்பான் நீருக்குப் போய்விடும். நீரை ஆவியாக்கி, அதை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். இதுதான் லயோசெல். கோர்ட்டால்ட்ஸ் நிறுவனமே 1992இல் இதை வணிக அளவில் தொடங்கியது. நல்ல விஸ்கோஸ் ஆலைகளும் இன்று கார்பன் டைசல்பைடைப் பிடித்து மீட்கின்றன. செலவு செய்யும் ஆலையும் செய்யாத ஆலையும் தரும் இழையைக் கையால் தொட்டு வேறுபடுத்த முடியாது என்பதுதான் வாங்குபவரின் தொல்லை.

ரேயான் துணியில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு நூலை உருவி உலர்ந்தபடி இழுங்கள். பிறகு நனைத்து இழுங்கள். நனைந்த நூல் எளிதில் அறும். பருத்தி நூலோ நனைந்தால் இன்னும் வலுக்கும். பருத்தியின் சங்கிலியில் பல ஆயிரம் குளுக்கோஸ் அலகுகள். சாதாரண ரேயானில் காரமும் காற்றும் வெட்டிக் குறைத்த முந்நூறு அளவே. ஒழுங்கற்ற இடைவெளிகளில் நீர் புகுந்து பிணைப்பைத் தளர்த்துகிறது. துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். லயோசெல்லில் சங்கிலிகள் இதைவிட நீளமாகவும் ஒழுங்காகவும் நிற்பதால் இந்தக் குறை பெரிதும் இல்லை.

இன்று உலகில் ஆண்டுக்கு 70 இலட்சம் டன்னுக்கு மேல் இத்தகைய இழை உற்பத்தியாகிறது. பவானி போய்க் காவிரியில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள ஈரோட்டில் ஆயிரக்கணக்கான விசைத்தறிகள் ரேயான் துணிதான் நெய்கின்றன. இழை மட்டும் வெளியூர்களிலிருந்து வருகிறது. கரைப்பான் எவ்வளவு நல்லதானாலும் மரம் எங்கிருந்து என்ற கேள்வி நிற்கிறது. மரமே வேண்டாம், பழைய பருத்தித் துணியையே கூழாக்கலாம் என்று சுவீடன் நாட்டில் ரினியூசெல் என்னும் நிறுவனம் 2022இல் பெரிய ஆலையைத் திறந்தது. கூழ் நன்றாகவே இருந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு கொள்முதல் வரவில்லை; 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவாலாயிற்று. புதிய உரிமையாளர்கள் அதை அதே ஆண்டு வாங்கி, சர்க்குலோஸ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். திருப்பூரில் நாள்தோறும் குவியும் பனியன் வெட்டுத்துணியும் பெரும்பாலும் பருத்தி செல்லுலோஸ்தான்.